பதினொரு கூடை, பத்து ஆள்

போன மாசம் பங்களாவிலிருந்து ஆள் அனுப்பியிருந்தாங்க. புதுசா வந்திருக்கிற மேனேஜர், வர்ற விருந்தாளிங்க கையில குடுக்க ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறாராம். இங்க வந்தா என்னென்ன செய்யலாம், எங்கெங்க போகலாம்னு படத்தோட போடப் போறாங்களாம். "ஸ்டெல்லாக்கா, பதினெட்டு வருசம் நீங்கதானே எல்லாரையும் கூட்டிட்டுப் போனீங்க, என்னா செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க"ன்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன். அதுல எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு. அத இங்க எழுதுறேன்.

ரோட்டால வர்றவங்களுக்கு இந்த மலையில என்னா இருக்குன்னு கேப்பீங்க. எங்களக் கேட்டா ஒண்ணுமில்ல. ஏறுனா காடு, எறங்குனா தேயில, நடுவுல மழை. ஆனா கொழும்புலருந்தும் யாழ்ப்பாணத்துலருந்தும் வெளிநாட்டுலருந்தும் வேன் புடிச்சு வர்றாங்களே! இறம்பொடையில அருவிக்கு முன்னால நின்னு படம் எடுத்துக்குவாங்க, நானுஓயாவுல ரயிலப் பார்த்துக் கைய ஆட்டுவாங்க, அப்புறம் லிந்துலைப் பக்கம் எங்க தோட்டத்துப் பழைய தொரை பங்களாவுல வந்து ரெண்டு நாள் தங்குவாங்க. தங்குனவங்கள சும்மா ஒக்கார வைக்க முடியுமா? அதுக்குத்தான் நான்.

காலையில காட்டுத்தொங்கல் வரைக்கும் நடை. தேயில முடிஞ்சு காடு தொடங்குற உச்சிய நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அங்க மரை மானு வந்து போன கால்தடம் இருக்கும், குருவி கத்தும், குளிரு காதப் புடுங்கும். மத்தியானம் ஆத்துல குளிக்கலாம். சாயங்காலம் விறகடுப்புல அவங்களே ரொட்டி தட்டிச் சுடலாம். வட்டமா வந்தா அவங்க அதிர்ஷ்டம். ஆனா வயிறு வலிக்கச் சிரிக்கணும்னா அட்டை கடிக்கிறப்ப பார்க்கணும். போறதுக்கு முன்னாடி காலுல சவுக்காரம் தேய்ச்சுவிட்டு, நீளக் காலுறையும் குடுப்போம். அப்படியும் ஏறிரும். கொழும்புல பெரிய கம்பெனி நடத்துற மனுசன் ஒருத்தர், அட்டையக் கண்டுட்டு என் தோளுல ஏறப் பார்த்தாரு. பொண்டாட்டி ஒதவிக்கு வராம போன்ல படம் புடிக்கிறா!

எல்லாத்தையும்விட கிராக்கி கொழுந்து பறிக்கிறதுக்குத்தான். பதினெட்டு வயசுல பேரு பதிஞ்சு பன்னெண்டு வருசம் நான் மலையில நின்னவ. முதுகு விட்டுப்போச்சுன்னு பங்களா குசினிக்கு வந்தேன், அங்கருந்துதான் இந்த வேலைக்கு மாத்துனாங்க. நான் முதுகொடிஞ்சு செஞ்ச வேலைய இவங்க விளையாட்டுக்குச் செய்யறதப் பார்த்து முதல்ல வயிறு எரிஞ்சிச்சு. பொய் என்னத்துக்கு? ஒரு நாள் ஒரு வெள்ளக்காரம்மா ரெண்டு மணி நேரம் பறிச்சுட்டு, கூடைய எறக்கி வச்சுட்டு, என் கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு அந்த எரிச்சல் கொறைஞ்சிச்சு.

விளையாட்டா இருந்தாலும் நான் மொறையாத்தான் செய்வேன். இடுப்புல படங்குச் சாக்கு சுத்திவிடுவேன், இல்லன்னா செடி கிழிச்சுரும். தலையில துணிய மடிச்சு வச்சு அதுமேல கூடைக் கயித்தப் போடுவேன். ஆளுக்கொரு நிரை பிரிச்சுக் குடுப்பேன். குடுத்த நிரையவிட்டு அடுத்த நிரைக்குத் தாவக்கூடாது. ரெண்டு எலையும் மொட்டும், அதுக்குமேல நீட்டிக் கிள்ளுனா கையில தட்டுவேன். டாக்டரா இருந்தாலும் தட்டுவேன். முடிஞ்சதும் கொழுந்து மடுவத்துக்கு, அதான் தராசுக் கொட்டகைக்கு, எறங்கி நிறுக்கணும். யாரு நெறையப் பறிச்சாங்கன்னு சொல்றப்ப வயசானவங்ககூட சின்னப் புள்ளையாட்டம் எட்டி எட்டிப் பார்ப்பாங்க.

இப்ப எங்க மலையில ஆள எண்ணுற விதத்தச் சொல்லணும். கங்காணி யாரு மூஞ்சியையும் பார்த்து எண்ண மாட்டாரு. மடுவத்துல வரிசையா இருக்கிற கூடையத்தான் எண்ணுவாரு. முப்பது கூடை இருந்தா முப்பது பேரும் மலையவிட்டு எறங்கியாச்சு. ஏன்னா ஒருத்தி தன் கூடைய இன்னொருத்தி கையில குடுக்கவே மாட்டா. குடுத்தா அன்னைய கொழுந்து அவ பேருல விழுந்துரும். புள்ள வலி எடுத்தப்பகூட கூடையோட மடுவத்துக்கு வந்தவ எங்க லயத்து வீட்டு வரிசையில இருந்தா. பன்னெண்டு வருசம் அதப் பார்த்தே பழகுனவ நான். விருந்தாளிங்களையும் அப்படியே எண்ணிட்டு வந்தேன். ஒரு தடவகூடத் தப்புனதில்ல.

அப்ப எனக்கு மேல மேனேஜரா இருந்தவரு ரத்நாயக்க மாத்தயா. கண்டிப் பக்கத்து மனுசன். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. கோவம் வந்தா பேச்சு இன்னும் மெதுவாயிரும், கண்ணாடியக் கழட்டிச் சட்டை நுனியால தொடைக்க ஆரம்பிச்சிருவாரு. அந்தக் கண்ணாடி கழண்டா குசினியில தட்டு கழுவுறவனுக்குக்கூட வேர்த்துரும். யாரு வெளிய போயிட்டு வந்தாலும் பங்களாப் படியில நின்னு சிங்களத்துல ஒரே கேள்விதான் கேப்பாரு, "ஒக்கொம ஆவாத?" எல்லாரும் வந்தாச்சான்னு. "ஆவா மாத்தயா"ன்னு சொல்லிட்டு நான் குசினிப்பக்கம் போயிருவேன்.

இது நடந்து பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும். பள்ளிக்கூட லீவு நேரம். யாழ்ப்பாணத்துலருந்து ஒரு வேன் வந்திச்சு, ஒரே குடும்பத்து ஆளுங்க பன்னெண்டு பேரு. குடும்பத் தலைவரு சபாரத்தினம் ஐயா, ஓய்வெடுத்த போஸ்ட் மாஸ்டர், எழுபது வயசு. வேன்லருந்து கால் கீழ படுறதுக்கு முன்னாடியே கொறை சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. ரோடு சரியில்ல, டிரைவர் சரியில்ல, குளிரு சரியில்ல. "பிள்ளை, இந்த இடம் கடல் மட்டத்திலை இருந்து எத்தினை அடி?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "பிழை"ன்னாரு. பிழைன்னா எதுக்குக் கேட்டீங்கன்னு வாய் வரைக்கும் வந்திச்சு, முழுங்கிட்டேன். அவரு சம்சாரம் மங்கையம்மா, நேர்மாறு. பூனை நடந்த மாதிரி இருப்பாங்க. முட்டி வலின்னு அவங்க மலைக்கு வரல, வராந்தாவுல ஒக்காந்துட்டாங்க. ஆக, கூடை தூக்குனது பதினொரு பேரு.

ரெண்டு மணிக்கு மேல ஏறுனோம். ஒம்பதாம் நம்பர் மலை, அதுக்கு மேல காட்டுத்தொங்கல். ஐயாவுக்கு எடதுபக்கக் கடைசி நிரை. அதுக்கும் கொறைதான், "எனக்கு மட்டும் ஏன் ஓரம்?" மூணரை மணி இருக்கும், காட்டுக்குள்ளருந்து பனி எறங்க ஆரம்பிச்சிச்சு. இங்க பனி எறங்குனா ரெண்டு செடிக்கு அந்தப்பக்கம் நிக்கிற ஆள் தெரியாது. "போதும், எல்லாரும் எறங்குங்க"ன்னு சத்தம் குடுத்தேன். எப்பவும் நான்தான் கடைசியா வருவேன். அன்னைக்கு மடுவத்துச் சாவி என்கிட்ட இருந்திச்சு, இவங்க குளுருல நிக்க வேணாமேன்னு நான் முன்னால எறங்கித் தொறந்தேன்.

ஒவ்வொருத்தரா வந்து கூடைய வச்சாங்க. பதினொண்ணு. நிறுத்தேன். ஐயா கூடையில ஒரு கை கொழுந்துகூட இல்ல, எல்லாம் காம்பு. "ஐயாவுக்குத்தான் கடைசி எடம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரு மருமகன் சத்தமாச் சிரிச்சாரு. ஐயாவக் காணமேன்னு ஒருத்தரும் யோசிக்கல. அவரு எதுலயும் பொறுமையில்லாதவரு, கோவிச்சுக்கிட்டு முன்னால பங்களாவுக்குப் போயிருப்பாருன்னு நெனைச்சுட்டாங்க. அந்தக் கூடையக் கொண்டு வந்து வச்சது மருமகன்தான். நான் ஒரு மூஞ்சியப் பார்த்திருந்தா போதும். கூடையத்தான் பார்த்தேன்.

பங்களாப் படியில மாத்தயா நின்னாரு. "ஒக்கொம ஆவாத?"

"ஆவா மாத்தயா, பதினொண்ணும் சரி."

ரொட்டி, கட்டசம்பல், தேத்தண்ணி எல்லாம் மேசைக்குப் போச்சு. ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். வராந்தாவிலிருந்து மங்கையம்மா கூப்பிட்டாங்க. "பிள்ளை, எங்கடை ஐயாவைக் காணேல்லை. அஞ்சு மணிக்கு அவருக்குச் சீனி வருத்தத்துக்குக் குளிசை குடுக்கவேணும்."

அறையில தேடுனோம், கக்கூஸ்ல தேடுனோம், வேன்ல தேடுனோம். இல்ல. போன் போட்டா மங்கையம்மா மடியிலயே அடிக்குது, அவரு கொண்டு போகல. மருமகன் அப்பத்தான், "மாமா என்னட்டைக் கூடையைத் தந்திட்டு முன்னாலை இறங்கீட்டார் எண்டெல்லோ…"ன்னு இழுத்தாரு. முன்னால எறங்குனவ நான், என்னைத் தாண்டி ஒருத்தரும் போகல; அப்ப அவரு மலையவிட்டு எறங்கவே இல்ல.

மாத்தயா வந்தாரு. கண்ணாடி கையில இருந்திச்சு. அவருக்குத் தமிழ் கொஞ்சம் ஒடைஞ்சுதான் வரும். "ஸ்டெல்லா. கடைசியா எங்க எண்ணினது?"

"மடுவத்துல, மாத்தயா."

"ஆள் எண்ணினதா?"

"ஆமாங்க, மாத்தயா."

எப்படி வந்திச்சு அந்தப் பொய்? இன்னைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டு புள்ளைங்க படிக்குது, வீட்டுக்காரருக்கு வேல ஒழுங்கில்ல, அதெல்லாம் அப்புறம் நான் எனக்கே சொல்லிக்கிட்டது. அந்த நேரத்துல நாக்குதான் முந்திக்கிச்சு.

என் பேச்ச நம்பி மாத்தயா கணக்குப் போட்டாரு. மடுவம் வரைக்கும் ஆள் வந்தாச்சுன்னா, மடுவத்துக்கும் பங்களாவுக்கும் நடுவுலதான் தொலைஞ்சிருக்கணும். நடுவுல இருக்கிறது ஆறு. மேல மழை பேஞ்சு தண்ணி கலங்கி வந்துக்கிட்டு இருந்திச்சு. "கயிறு எடு, ஆத்துக்குப் போ"ன்னு நாலு பேர அனுப்பினாரு. ஆறுன்னு காதுல விழுந்ததும் மங்கையம்மா வராந்தாத் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க.

நானும் ஆத்துக்கு ஓடுனேன். தோட்டக்காரன், சமையல்காரர், வேன் டிரைவர், மருமகன், எல்லாரும் தொடை வரைக்கும் எறங்கிக் கம்பால குத்திக் குத்திப் பார்க்கிறாங்க. மருமகன் "மாமா! மாமா!"ன்னு தண்ணியப் பார்த்துக் கத்துறாரு. ஆள் அங்க இல்லைன்னு அந்தக் கரையில தெரிஞ்சவ நான் ஒருத்திதான். மேல, பனிக்குள்ள, காட்டு ஓரத்துல ஒரு கெழவரு மருந்தில்லாம நிக்கிறாரு. இன்னும் ஒரு மணி நேரத்துல இருட்டிரும். நான் வாயத் தொறக்கல. பத்து நிமிசம். ஸ்டெல்லா, நீ மனுசிதானான்னு என்னை நானே கேட்டுக்கிட்டு, அப்பவும் நின்னேன். தண்ணி மருமகன இழுத்து ஒரு கல்லுல சாய்ச்சிச்சு பாருங்க, மாதாவேன்னு கத்திட்டுத் திரும்பி பங்களாவுக்கு ஓடுனேன்.

"மாத்தயா, நான் ஆள எண்ணல. கூடையத்தான் எண்ணினேன். பொய் சொல்லிட்டேன். அவரு மேலதான் இருக்காரு."

சுத்தி எல்லாரும் நின்னாங்க, மங்கையம்மாவும் நின்னாங்க. மாத்தயா என்னைப் பார்த்தாரு. கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாரு. திட்டுவாருன்னு காத்திருந்தேன். "அப்ப மேல"ன்னாரு, ஆத்துல நின்னவங்களக் கரையேறச் சொல்லி ஆள் அனுப்பினாரு. "பனியில எப்படித் தேடுறது? நீ சொல்லு."

அத மட்டும் எனக்குத் தெரியும். லயத்துக்கு ஓடுனேன். வேல முடிஞ்சு பொம்பளைங்க பீலிக்கரையில கால் கழுவிக்கிட்டு இருந்தாங்க. "ஒம்பதாம் நம்பர்ல ஆள் தொலைஞ்சிட்டாருடி!"ன்னேன். ஒருத்தியும் ஏன் எதுக்குன்னு கேக்கல. கழுவுன காலோட வந்தாளுங்க, ஒரு இருவது பேரு. மலையடியில வரிசையா நிறுத்தி ஆளுக்கொரு நிரை பிரிச்சேன். நிரைய விடாம மேல ஏறணும், பத்தடிக்கு ஒரு தடவ சத்தம் குடுக்கணும். பனிக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தெரியாது, சத்தம் மட்டும் வரிசையா வந்துக்கிட்டே இருந்திச்சு. "இருக்கேன்!" "நானும் இருக்கேன்!" "இங்க இல்லடி!" "இங்கயும் இல்ல!"

எடதுபக்கக் கடைசி நிரைய நான் எடுத்துக்கிட்டேன். செடிக்குச் செடி தடவிக்கிட்டே ஏறுனேன். ஐயா, ஐயான்னு தொண்டை கிழியக் கத்துனேன். உச்சிக்கு வந்தாச்சு, காடு கறுப்பா நிக்குது, ஒரு பதிலும் இல்ல. அடுத்த நிரையில வந்த பாக்கியம், என்னைவிட மூத்தவ, "சும்மா இருடி, கேளு"ன்னு என் கையப் புடிச்சா.

காட்டு ஓரத்துக் கானுக்குள்ளருந்து ஒரு சத்தம். அடைச்சுப்போன தொண்டை. "ஒரு ஒழுங்கில்லை! ஒரு முறையில்லை! ஆளைத் துலைச்சுப்போட்டு இவ்வளவு நேரம் என்ன செய்யினம்?"

திட்டுறாரு! ஐயோ, அந்தத் திட்டு காதுல விழுந்தப்ப எனக்கு உசிரு திரும்பி வந்திச்சு. என் வாழ்க்கையில யாரும் என்னைத் திட்டி நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்ல. மழத்தண்ணி ஓடுறதுக்கு வெட்டுன கான்ல இடுப்பு வரைக்கும் எறங்கி, கணுக்கால் பெரண்டு, ஒரு சப்பாத்த காணாம, காலுல மூணு அட்டையோட ஒக்காந்திருந்தாரு. நானும் பாக்கியமும் அவரக் கட்டிப் புடிச்சு அழறோம், அவரு "மெதுவா, மெதுவா, கால்"ங்கிறாரு.

"ஏங்க ஐயா மேல வந்தீங்க? சொல்லிட்டு வரக்கூடாதா?"

அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டாரு. "ஒதுங்க வந்தனான். பொம்பிளைப் பிள்ளையளிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

அதான் விசயம். ஒண்ணுக்குப் போகணும், எங்கிட்டச் சொல்ல வெக்கம். கூடைய மருமகன் கையில திணிச்சுட்டு காட்டுப்பக்கம் ஒதுங்கியிருக்காரு. திரும்புறப்ப பனி மூடிருச்சு. எல்லா நிரையும் ஒண்ணு போலத்தான இருக்கும், கீழன்னு நெனைச்சு மேல நடந்துட்டாரு. ஒருத்தி இடுப்புப் படங்க அவுத்து விரிச்சு அதுல ஒக்கார வச்சு நாலு பேரு முனையப் புடிச்சுத் தூக்கிட்டு எறங்குனோம். வழி பூரா எங்க பிடி சரியில்லன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நாங்க சிரிச்சுக்கிட்டே தூக்குனோம். அந்த மலைய நான் அவ்வளவு லேசா எறங்குனதே இல்ல. பங்களாவுக்கு வந்தப்ப வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திச்சு.

மங்கையம்மா குளிசையக் குடுத்துட்டு, துவாயால அவரு தலையத் தொவட்டிக்கிட்டே இருந்தாங்க.

வேல போச்சுன்னு முடிவு பண்ணி, என் செருப்பையும் கொடையையும் எடுத்துக்கிட்டுப் படியால எறங்குனேன். மாத்தயா கூப்பிட்டாரு. "ஸ்டெல்லா."

"மாத்தயா."

"நாளைக்கு காலையில ஏழு மணி. ஜெர்மன் ஆள் ரெண்டு. குருவி பார்க்க."

அவ்வளவுதான். உள்ள போயிட்டாரு. கொடைய விரிக்கத் தோணாம மழையில நனைஞ்சுக்கிட்டே லயத்துக்குப் போனேன், நிம்மதின்னா அப்படி ஒரு நிம்மதி. அவரு அதுக்கப்புறமும் எத்தனையோ வருசம் மேனேஜரா இருந்தாரு, ஒரு நாளும் அந்தப் பேச்ச எடுக்கல. நானும் அதுக்கப்புறம் கூடைய எண்ணுறதில்ல. தோளத் தொட்டு, பேரச் சொல்லி, மூஞ்சியப் பார்த்து எண்ணுவேன். மலையேறுறதுக்கு முன்னாடி தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணுலயும் சொல்லிருவேன், "ஒண்ணுக்கு வந்தா சொல்லுங்க, இங்க யாருக்கும் வெக்கமில்ல." கேட்டு மொகம் செவந்தவங்களும் உண்டு, ஒடனே கையத் தூக்குனவங்களும் உண்டு. இப்ப ஆளுக்கொரு விசில் குடுக்குறாங்களாம். நல்ல காரியம்.

ஐயா கெடைச்ச மறுநாள் ஜெர்மன்காரங்களோட நான் திரும்பி வர்றப்ப யாழ்ப்பாணத்து வேன் கெளம்ப நின்னுச்சு. ஐயா முன் சீட்டுல கட்டுப்போட்ட காலோட இருந்தாரு. மங்கையம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. நாலு வார்த்தை கேக்கட்டும், கேக்குறதுக்கு ஞாயம் இருக்குன்னு போனேன். கேக்குறதுக்கு முன்னாடி நானே ஆரம்பிச்சேன்.

"அம்மா, பத்து நிமிசம் நான் பொய் சொல்லிட்டு நின்னேங்க. அந்தப் பத்து நிமிசத்துல அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா…"

"விடு பிள்ளை"ன்னு என் கையப் புடிச்சாங்க. "நீங்கள் எல்லாரும் வந்து படி ஏறேக்கையே நான் பாத்திட்டன். அவர் அதுக்குள்ளை இல்லை."

எனக்குப் புரியல.

"கலியாணம் கட்டி நாப்பத்தாறு வருசம். அவரின்ரை சத்தம் இல்லாமல் ஒருநாளும் நான் ஒரு தேத்தண்ணி குடிச்சதில்லை. மனுசன் கொஞ்சம் பிந்தி வரட்டுமே எண்டு இருந்தனான். ஆறுதலாக் குடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டனான்." கண்ணுல தண்ணி முட்டி நின்னுச்சு. "நீ பத்து நிமிசம். நான் கால் மணித்தியாலம். நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். யாரு முதல்ல சிரிச்சாங்கன்னு தெரியல. கையப் புடிச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டு, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம்.

வேனுக்குள்ளருந்து ஐயா கத்துனாரு. "மங்கை! அங்கை என்ன கதை? நேரம் என்ன ஆச்சுத் தெரியுமோ? ஒரு ஒழுங்கில்லை!"

நான் பதறிப்போய் அவங்க கைய விட்டேன். மங்கையம்மா அவசரப்படல. முந்தானையால மொகத்த நல்லாத் தொடைச்சுக்கிட்டாங்க.

"கத்தட்டும் பிள்ளை"ன்னாங்க. "நல்லாக் கத்தட்டும்."